தாத்தா விட்டுப் போன பட போஸ்டர்கள்: ஸ்கேன் செய்து பகிரலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் முப்பத்தைந்து சினிமா போஸ்டர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 1950-களில் வந்த படங்கள், நான்கைந்து மட்டும் 1970-களைச் சேர்ந்தவை. எல்லாமே மடிப்பில் கிழிந்திருக்கின்றன, சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் சரிசெய்து முகநூலில் போட ஆசை. ஆனால் காப்புரிமை (காப்பிரைட்) வழக்கு வருமோ என்று பயம். ஒருவர், "அசலை எங்களிடம் கொடுங்கள், ஸ்கேன் செய்து உங்கள் பெயரிலேயே டிஜிட்டல் ரைட்ஸ் பதிவு செய்து தருகிறோம், ஒரு போஸ்டருக்கு 1,500 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அவருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் இருக்கும் காகிதம் உங்களுடையது. அதில் அச்சான படத்தின் உரிமை உங்களுடையது அல்ல, உங்கள் தாத்தாவுடையதாகவும் இருந்ததில்லை. இல்லாத உரிமையை உங்கள் பெயரில் எப்படிப் பதிவு செய்வார்? காப்புரிமை அலுவலகத்தில் ஓர் ஓவியப் படைப்பைப் பதிவு செய்ய அரசு வாங்கும் கட்டணம் 500 ரூபாய்தான். அதையும் இணையத்தில் யாரும் தானே செய்யலாம். பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் வேறு யாரோ வரைந்ததை நான் வரைந்தேன் என்று பதிவேட்டில் ஏற்றுவது குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. அவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அசலைக் கையை விட்டு அனுப்புவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் பன்னிரண்டு போஸ்டர்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் செய்யக் கொடுத்து, திரும்பி வந்தவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பழுப்பு நிறம், மூலையில் கறை, நடுவில் மடிப்புக் கோடு, எல்லாம் சரி. அந்த மடிப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினேன். வழுவழுவென்று போனது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, காகிதத்தில் மடிப்பே இல்லை! பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தால் இன்க்ஜெட் பிரின்டர் தெளித்த பொடிப் புள்ளிகள். பன்னிரண்டும் நகல். அசல் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அந்த அம்மா என் மேஜைக்கு முன் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். எங்கே ஸ்கேன் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முடியாது என்றால், கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கிழிசலையும் கிட்டே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காகிதம் ஒரே மாதிரி கிழிவதில்லை, கைரேகை மாதிரி அது.

சரி, வழக்கு பயத்துக்கு வருவோம். போஸ்டரை வரைந்தவர் யாரென்று தெரியாதபோது, நம் நாட்டுச் சட்டப்படி அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் காப்புரிமை. 1957-ல் வெளியான போஸ்டர் என்றால் 2017 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆக, உங்கள் 1950-களின் போஸ்டர்களில் பெரும்பாலானவற்றைத் தாராளமாகப் பகிரலாம்.

பெரும்பாலானவை என்று ஏன் சொல்கிறேன் என்றால், போஸ்டரின் அடி ஓரத்தைப் பார்க்க வேண்டும். இதை நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இது. போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது அச்சகத்தின் பெயரும் ஊரும். அச்சகத்தின் பெயர் இருப்பதால் கணக்கு மாறாது. ஆனால் படத்துக்குள்ளேயே ஒரு மூலையில், பெரும்பாலும் கதாநாயகியின் புடவை மடிப்புக்குக் கீழேயோ குதிரையின் காலடியிலோ, ஓவியர் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருப்பார். கையெழுத்து இருந்து, அவர் யாரென்று அடையாளம் தெரிந்தால், 60 ஆண்டு வெளியான ஆண்டிலிருந்து ஓடாது. அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் ஓடும். 1955-ல் போஸ்டர் வரைந்தவர் 1985-ல் காலமானார் என்று வைத்துக்கொள்ளுங்கள், உரிமை 2045 முடிய இருக்கும். "தயாரிப்பாளர் பணம் கொடுத்து வரைய வைத்தார், அதனால் உரிமை தயாரிப்பாளருக்கு" என்பார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிமை யார் கையில் என்பது ஒரு கேள்வி, எத்தனை காலம் என்பது வேறு கேள்வி. உரிமை தயாரிப்பாளர் கையில் இருந்தாலும் காலக்கணக்கு ஓவியரின் ஆயுளைப் பிடித்துக்கொண்டுதான் போகும். வெறும் இனிஷியல் மட்டும் இருந்து, யாரென்று யாராலும் சொல்ல முடியவில்லை என்றால் பழையபடி வெளியான ஆண்டுக் கணக்கே. எனவே முப்பத்தைந்தையும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். கையெழுத்து உள்ளவற்றைத் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, படம் வந்த ஆண்டும் போஸ்டர் அச்சான ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தன! ஒவ்வொரு முறையும் புது போஸ்டர் அடித்தார்கள். 'கர்ணன்' 1964 படம். ஆனால் டிஜிட்டலில் மெருகேற்றி 2012-ல் மறுபடி வெளியிட்டபோது செய்த போஸ்டர் 2012-ன் போஸ்டர்தான். உங்களிடம் உள்ளவற்றில் 'புத்தம் புதிய காப்பி' என்று எங்காவது அச்சிட்டிருந்தால் அது மறு வெளியீட்டுக்கு அடித்தது, கணக்கை அந்த ஆண்டிலிருந்து போடுங்கள். எழுத்தும் காட்டிக்கொடுக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை 'லை', 'னை', 'ணை' எல்லாம் பெரும்பாலும் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருண்ட கொம்போடுதான் அச்சாகும். 1955 போஸ்டர் என்று விற்கிறார்கள், அதில் இன்றைய 'லை' இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

1970-களின் நான்கைந்து போஸ்டர்களுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1973-ல் வந்ததற்கு 2033 முடிய. அந்தப் படத்தைப் பற்றி நாலு வரி விமர்சனமாக எழுதி, கூடவே சின்ன அளவில் போஸ்டரைக் காட்டுவதைச் சட்டம் நியாயமான பயன்பாடு என்று அனுமதிக்கிறது. பிரின்ட் போட்டு விற்பது, டீ-ஷர்ட்டில் அடிப்பது, பெரிய அளவு ஃபைலை எல்லோருக்கும் இறக்கக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்காது. "படத்தின் மூலப் பிலிம் உரிமை, அதாவது நெகட்டிவ் ரைட்ஸ், என்னிடம் இருக்கிறது, போஸ்டரை எடுத்துவிடு அல்லது பணம் கொடு" என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் பதறிப் பணம் அனுப்பாதீர்கள். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றிக் கொடுக்க முடியும். அந்தப் பத்திரத்தில் போஸ்டர் என்ற சொல் இருக்கிறதா என்று கேளுங்கள். படத்தின் நெகட்டிவ் வேறு, போஸ்டர் ஓவியம் வேறு.

முறையாக அனுமதி வாங்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம்? படக் கம்பெனி மூடி ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். உரிமை நாலு கை மாறியிருக்கும், எந்தப் பட்டியலும் கிடையாது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்குச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்கப் போகும் ஆங்கில நாளிதழில் ஒரு விளம்பரம், தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவதென்றால் தமிழ் நாளிதழிலும் ஒன்று, அதற்குப் பிறகு விண்ணப்பம். விண்ணப்பத்தைக் கேட்க இருந்த மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021-ல் கலைத்துவிட்டார்கள், இனி நீதிமன்றம். ஓர் ஒற்றை போஸ்டரை முகநூலில் காட்ட எந்த வீட்டில் இதைச் செய்வார்கள்? அதற்குள் காகிதம் தூளாகிவிடும். எங்கள் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், கேட்க ஆள் இல்லை. பூச்சி மட்டும் காத்திருப்பதில்லை.

இனி ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில் கட்டட பிளான் ஸ்கேன் செய்யும் பெரிய மிஷினில் போடவே போடாதீர்கள். உருளை காகிதத்தை இழுத்துக்கொண்டு போகும், மடிப்பில் இரண்டாகிவிடும். வீட்டிலேயே போனில் எடுக்கலாம். காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் பிரியுங்கள். சித்திரை வெயிலில் பிரித்தால் மடிப்பு முறுமுறுவென்று உடையும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம், தரையில் வெள்ளை அட்டை போட்டு, அதன்மேல் போஸ்டரை விரித்து, பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வையுங்கள். ஃபிளாஷ் கூடாது. 'ஸ்கேனர் ஆப்' கூடவே கூடாது, அது பழுப்பையும் நிழலையும் அழித்துக் காகிதத்தை ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி வெளுத்துவிடும். சாதாரண கேமராவே போதும்.

அளவு முக்கியம். நம் ஊர் டபுள் கிரவுன் தாள் 20-க்கு 30 அங்குலம். 12 மெகாபிக்சல் போனில் ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்கு 133 புள்ளிதான் கிடைக்கும், சின்ன எழுத்து கரைந்துவிடும். நான்கு துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படிகிற மாதிரி எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைத்தால் 200-ஐத் தாண்டும். அச்சக வரியைப் படிக்க அது போதும். நல்ல ஸ்டூடியோவில் 300 வைத்து எடுத்துத் தருவார்களானால் இன்னும் நல்லது, நீங்கள் கூட இருக்கும் பட்சத்தில். பின்பக்கத்தையும் எடுங்கள். தாத்தாவின் கொட்டகை முத்திரை, தேதி, பென்சில் கணக்கு ஏதாவது இருக்கும்.

இப்படி எடுத்த முதல் படத்தை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். திருத்தமெல்லாம் நகலில் மட்டும். கிழிசல், பூச்சி ஓட்டை, கறை இவற்றைப் பக்கத்தில் உள்ள பகுதியிலிருந்து எடுத்து அடைக்கலாம். நிறத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வெயில் பட்ட போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய் நீலம் மட்டும் நிற்கும். ஆனால் மடிப்பின் உள்பக்கம் வெளிச்சம் படாமல் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து மற்ற இடத்தைச் சரிசெய்யுங்கள். காகிதத்தைப் பளீர் வெள்ளை ஆக்காதீர்கள், அது அச்சான நாளிலும் வெள்ளையாக இருந்ததில்லை.

ஒரே பட்டனில் சரிசெய்யும் ஏஐ ஆப்கள் வேண்டாம். ஒரு போஸ்டரில் 'கலை' என்ற சொல்லை அப்படி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். துதிக்கைக் கொம்பை அது அழுக்கு என்று நினைத்து, எந்த மொழியிலும் இல்லாத ஒரு வளையமாக மாற்றிவைத்தது. நடிகையின் கன்னத்து மச்சம் காணாமல் போனது. லித்தோ அச்சுக் கல்லில் ஓவியர் கையால் போட்ட சொரசொரப்பெல்லாம் மெழுகு பொம்மையாகிவிட்டது. அதைப் பார்க்கிறவர் 1950-களின் போஸ்டரைப் பார்க்கவில்லை.

பகிரும்போது நீளப் பக்கம் 1,500 முதல் 2,000 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் நசுக்கிவிடும். அடி ஓரத்தை வெட்டாதீர்கள். முகத்தின் மேல் உங்கள் பெயரை வாட்டர்மார்க் போடாதீர்கள், 'எங்கள் தாத்தா சேகரிப்பு, ஊர், ஆண்டு, கிழிசல் மட்டும் திருத்தப்பட்டது' என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள். திருத்தியதால் புதிய காப்புரிமை வந்துவிடுகிறது என்று சிலர் மிரட்டுவார்கள். வெறும் உழைப்பால் காப்புரிமை வராது, கொஞ்சமாவது படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள், அங்கே அமெரிக்கச் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், இந்தியாவில் காலம் முடிந்த போஸ்டர்கூட அங்கே நீக்கப்படலாம்.

வேலை முடிந்ததும் அசல்களை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டையும் காகிதம் கெடாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம். பெரிய அட்டைக்குள் மடிக்காமல் தட்டையாக வையுங்கள். கையெழுத்து உள்ள போஸ்டர்கள் எத்தனை கிடைத்தன என்று பார்த்து, அந்த மூலையை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரைப் படிக்க முடிந்தால் எந்த ஆண்டுவரை பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன்.