பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த பிறகும் நம்பிக்கை தளராமல் மக்களை வழிநடத்திய தலைவர் யாராவது உண்டா?

உண்டு. குரு கோவிந்த் சிங். பத்தாவது சீக்கிய குரு, கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தொடங்கியவர் என்று நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியோடுதான் நானும் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி வேலையாக லூதியானாவுக்குப் போனேன்.

1704 டிசம்பர். குரு இருந்த ஆனந்த்பூர் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. வெளியேறினால் தொட மாட்டோம் என்று முகலாயர் தரப்பு குர்ஆன் மீது சத்தியம் செய்துகொடுத்தது. வெளியே வந்தார்கள், துரத்தி அடித்தது படை. சர்சா ஆற்று வெள்ளத்தில் குடும்பமே சிதறியது. அவருடைய நான்கு மகன்களில் மூத்தவர்கள் அஜித் சிங்கும் ஜுஜார் சிங்கும் சம்கௌர் சண்டையில் மடிந்தார்கள். இளைய இருவரும் பாட்டி குஜ்ரியோடு பிடிபட்டு, சிர்ஹிந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். மதம் மாற மறுத்ததால் உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்பது சீக்கிய மரபு. பாட்டியும் இறந்துபோனார். எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்துக்குள்.

இன்றும் டிசம்பர் கடைசியில் சிர்ஹிந்த் பக்கம் போனால், ரோட்டில் வண்டிகளை மறித்துச் சூடான பால் கொடுக்கிறார்கள். அங்கே குளிர்க் கோபுரம் என்ற கட்டடத்தில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு மோதி ராம் மெஹ்ரா என்பவர் திருட்டுத்தனமாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்தாராம், அதன் நினைவாக. லூதியானாவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்த நாட்களில் கட்டிலில் படுக்க மாட்டார். நடுங்கும் குளிரிலும் வெறும் தரைதான்.

சரி, தலைமைக்கு வருகிறேன். சம்கௌரில் கையளவு ஆட்களே மிஞ்சியபோது, குருவும் அங்கேயே போரிட்டுச் சாகத் தயாராகத்தான் இருந்தார். ஐந்து சீக்கியர்கள் கூடி, 'நீங்கள் தப்பிப் போயாக வேண்டும், இது கால்சாவின் கட்டளை' என்றார்கள். அவர் கீழ்ப்படிந்தார். 1699-இல் கால்சாவைத் தொடங்கியபோது ஐந்து பேருக்குத் தீட்சையாக அமிர்தம் கொடுத்துவிட்டு, அவர்கள் கையாலேயே தானும் வாங்கிக்கொண்டவர் அல்லவா. மகன்களின் உடல் கிடந்த இடத்தைவிட்டு அடுத்தவர் சொல்கேட்டு நகர்ந்ததுதான், எனக்குப் போரைவிடப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் எழுதிய ஜஃபர்நாமா. நான்கு பிள்ளைகளைக் கொன்றால் என்ன, சுருண்ட பாம்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்று அதில் ஒரு வரி வரும். ஆனாலும் கடிதம் நெடுக அவர் அடித்துக் கேட்பது ஒன்றைத்தான்: கடவுள் பெயரால் செய்த சத்தியத்தை எப்படி மீறலாம்? புத்திரசோகத்தில் இருப்பவர் 'கடவுளே, ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கடவுளைச் சாட்சியாக வைத்துப் பாதுஷாவைக் கூண்டில் ஏற்றினார்.

1708-இல் நாந்தேட்டில் இறப்பதற்கு முன், இனி ஆள் யாரும் குரு இல்லை, சீக்கியரின் புனித நூலான கிரந்தமே குரு என்று அறிவித்தார். வாரிசு இல்லாததால்தான் அப்படிச் செய்தார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு மகன்களும் உயிரோடு இருந்த நாளிலேயே ஐந்து பேர் முன்னால் கைகட்டி நின்றவர் அவர்.