1,500 திர்ஹாம் என்கிறார்கள்... கிளம்பலாமா?

வெளிநாட்டு வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்து, தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். பி.எஃப். பிடித்தம் போக 19,000 ரூபாய் கைக்கு வருகிறது. துபாயில் 1,500 திர்ஹாம் சம்பளம், ரூமும் வண்டியும் கம்பெனி தரும், சாப்பாடு நம்முடையது என்கிறார் ஏஜென்ட். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்கிறார். வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: இந்த நிபந்தனைகளோடு போக வேண்டாம். நிபந்தனைகள் மாறினால் இதே வேலைக்குத் தாராளமாகப் போகலாம். எவை மாற வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 1,500 திர்ஹாம் 34,500 ரூபாய். மெஸ் சாப்பாடு, போன் ரீசார்ஜ், சோப்பு, முடிவெட்டு, விடுமுறை நாள் செலவு என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 600 திர்ஹாம் கரைந்துவிடும். மீதி 900, அதாவது 20,700 ரூபாய். நூற்றுக்கு இரண்டு வட்டியில் 90,000 வாங்கினால் மாதம் 1,800 வட்டிக்கே போகும். கையில் நிற்பது 18,900. இங்கே சொந்தச் செலவு போக உங்களிடம் 13,000 மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், துபாய் கூடுதலாகத் தருவது மாதம் 6,000-க்கும் கீழே. அந்தக் கூடுதல் முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அடைய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் ஏஜென்டுக்காக உழைத்ததாகிவிடும்.

அடுத்தது, ஏஜென்ட் சொல்லாமல் விட்ட விஷயம்: 1,500-இல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? பல கம்பெனிகள் பேசிக்கை 800 என்று போட்டு மீதி 700-ஐ அலவன்ஸாகக் காட்டும். மாதாமாதம் கைக்கு வரும்போது வித்தியாசம் தெரியாது. ஓவர்டைமிலும், வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியிலும்தான் அடி விழும், ஏனென்றால் அமீரகச் சட்டப்படி இரண்டுமே பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. 800-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 3.33 திர்ஹாம். ஓவர்டைமுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 4.17. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 217 திர்ஹாம். பேசிக் 1,200 ஆக இருந்தால் அதே 52 மணி நேரத்துக்கு 325 திர்ஹாம் வரும். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். 800 என்றால் 560 திர்ஹாம், 1,200 என்றால் 840. ஒரு வருடம் முடிக்காதவருக்கு அதுவும் இல்லை. ஆகவே 'மொத்தம் எவ்வளவு' என்பதோடு நிற்காமல் 'பேசிக் எவ்வளவு' என்று கேளுங்கள். 1,200-க்குக் குறையாமல் கேட்டுப் பாருங்கள்.

விசிட் விசா விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதில் போய் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். ஒப்பந்தம் பதிவாகாத நிலையில் கை ஒடிந்தாலோ இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனாலோ, 'இவர் எங்கள் ஆள்' என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. சரியான வழி, மோஹ்ரே எனப்படும் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வேலைக் கடிதம் வருவது. அதைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். கடிதத்தில் இருக்கும் எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். அங்கே போனதும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் தொகை குறைந்திருந்தால் இந்தக் கடிதம்தான் உங்கள் சாட்சி. வேலைப் பெயர் எலக்ட்ரீசியன் என்று இருக்கிறதா, லேபர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஃப்ரீ விசா' என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு விசா எந்த வளைகுடா நாட்டின் சட்டத்திலும் கிடையாது. யாரோ ஒருவர் பெயரில் விசா எடுத்து வேறு இடத்தில் வேலை பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இனி அந்த 90,000. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். விசாச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்ட அமீரகச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைக்ரேட்' இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற நிறுவனத்தின் 'சப் ஏஜென்ட்' என்று ஊரில் சுற்றுபவருக்குப் பணம் கொடுத்தால் அது கணக்கில் வராத பணம். பேசிக் 1,200, எம்ப்ளாய்மென்ட் விசா, 35,400-க்கு ரசீது மூன்றும் சேர்ந்தால் கிளம்புங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்துவையுங்கள். எலக்ட்ரீசியன், வெல்டர் போன்ற வேலைகளுக்கு அவர்களே ஆள் எடுக்கிறார்கள்.

கேள்வி: என் கணவர் சிவில் இன்ஜினீயர். ரியாத்தில் ஒரு கம்பெனி பேசிக் 6,000, வீட்டுக்கு 1,500, வண்டிக்கு 600, மொத்தம் 8,100 ரியால் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. நவம்பரில் சேரச் சொல்கிறார்கள். இங்கே 60 நாள் நோட்டீஸ். இப்போதே ராஜினாமா கொடுத்துவிடலாமா? நானும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போக முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: ராஜினாமாவைக் கடைசியில் வையுங்கள். கடிதம் வந்த பிறகும் கைநழுவும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று மெடிக்கல். வளைகுடா நாடுகளின் மருத்துவப் பரிசோதனைப் பதிவுத் தளமான 'வாஃபித்' மூலம் பதிந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் எடுக்க முடியும். மஞ்சள்காமாலை பி, சி கிருமிகளோ, எப்போதோ ஆறிப்போன காசநோயின் தழும்போ தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று போட்டுவிடுவார்கள். அந்த முடிவு மற்ற வளைகுடா நாடுகளுக்கும் தெரியும். அதனால் வாஃபித்தில் பதியும் முன், உள்ளூர் லேபில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது, பட்டச் சான்றிதழ். மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை, வாங்க வேண்டும். விசாவில் வரும் தொழிலும் பட்டமும் ஒத்துப்போக வேண்டும். இன்ஜினீயர்கள் சவூதி பொறியாளர் கவுன்சிலில் பதிவதும் கட்டாயம். விசா கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். 'விசா கிடைத்து 60 நாள் கழித்துச் சேரலாம்' என்று இப்போதே மெயிலில் கேட்டு வாங்குங்கள். ஆள் தேவைப்படும் கம்பெனி இதற்கு மறுக்காது.

குடும்பம் போவதில் பலர் தடுக்கி விழும் செலவு ஒன்று இருக்கிறது. கூட வரும் ஒவ்வொருவருக்கும் சவூதி அரசுக்கு மாதம் 400 ரியால் கட்ட வேண்டும். மூன்று பேருக்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. இது மாதாமாதம் பிரித்துக் கட்டும் தொகையும் அல்ல. இக்காமா எனப்படும் தங்கும் அனுமதியை எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் சேர்த்துக் கட்டுவது. இதைக் கம்பெனி ஏற்றால் 8,100 குடும்பத்துக்கு ஓரளவு தாங்கும். நீங்களே கட்டுவதென்றால் கையில் நிற்பது 6,900. அதிலும் வீட்டு அலவன்ஸ் வருடத்துக்கு 18,000 ரியால்தான். கணவர் அங்கே போய், பார்த்த வீட்டின் வாடகையைச் சொன்ன பிறகு நீங்கள் முடிவெடுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அங்கேயும் ஏப்ரலில்தான் புது வகுப்பு, ஆகவே பிள்ளைகளின் படிப்பு பாதியில் அறாது. கட்டணம், குடும்ப மருத்துவக் காப்பீடு, வருடாந்திர டிக்கெட் எத்தனை பேருக்கு என்பதெல்லாம் கடிதத்தில் எழுத்தாக வர வேண்டும்.

நவம்பர் என்பதால் வருமான வரியையும் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-க்குள் கிளம்பியிருக்க வேண்டும். இடையில் லீவில் வந்த நாட்களும் கணக்கில் சேரும். நவம்பரில் போகிறவர் அந்த வருடம் இங்கே ரெசிடென்ட்தான். மார்ச் வரை வாங்கும் சவூதிச் சம்பளத்தையும் இங்கே ரிட்டர்னில் காட்ட வேண்டும். இதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, வரிக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைத்தால் போதும்.

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய், டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள் என்று டெலிகிராமில் இன்டர்வியூ முடிந்துவிட்டது. தம்பியை அனுப்பலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அனுப்பாதீர்கள். பாங்காக்கில் இறக்கி, சாலை வழியாக மியான்மரின் மியாவடி போன்ற இடங்களுக்குக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கும் கும்பல்கள் இப்படித்தான் ஆள் பிடிக்கின்றன. 2022-லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. தமிழக இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் வேலை செய்ய 'நான்-இமிக்ரன்ட் பி' எனும் வகை விசாவும் வொர்க் பர்மிட்டும் வேண்டும். 'டூரிஸ்ட்டாகவே வரலாம்' என்று சொன்ன இடத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். டைப்பிங் வேகம் தவிர வேறு எதையும் கேட்காமல் 80,000 தருகிற கம்பெனி எதற்காக ஆள் தேடுகிறது என்று தம்பியிடமே கேளுங்கள்.

கேள்வி: தங்கைக்கு 27 வயது, எட்டாவது வரை படித்தவள். குவைத்தில் வீட்டு வேலைக்கு, 'முதலில் துபாய், அங்கிருந்து குவைத்' என்று ஒரு அம்மா கேட்கிறார். குடும்பக் கஷ்டத்தில் சரி சொல்லிவிட்டோம்.
– வாசகி, கடலூர்

பதில்: பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்திவிடுங்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. குவைத் உட்பட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் எனும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பாவிட்டால் அந்த அனுமதியே கிடைக்காது. துபாயைச் சுற்றிப் போகச் சொல்வது இந்த அனுமதியைத் தாண்டத்தான். அப்படிப் போனவரின் ஒப்பந்தத்தை இந்திய அரசு பார்த்திருக்காது, காப்பீடும் இருக்காது.

30 நிரம்பிய பிறகு முறையாகப் போனால் நிலைமை வேறு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால், பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கும். குவைத்தின் 2015-ஆம் வருட வீட்டுப் பணியாளர் சட்டம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பதிவான ஒப்பந்தத்தோடு போனவர் இவற்றைக் கேட்டுப் பெறுவது எளிது.

அந்த அம்மாவிடம் தங்கையின் பாஸ்போர்ட் இருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090-க்கும் தகவல் சொல்லுங்கள்.