சமையல் பாத்திரங்கள், 40

ஐயா,

நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் அல்ட்டடீனாவில் இருக்கிறேன். 2025 ஜனவரி ஈட்டன் காட்டுத்தீயில் எங்கள் வீடு தப்பியது. மளிகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ யாரைப் பார்த்தாலும் இன்னமும் முதல் கேள்வி, “வீடு இருக்கா?” ‘இருக்கு’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. லேக் அவென்யூவுக்கு மேற்கே வீடிழந்த கறுப்பின மூதாட்டி ஒருவருக்குச் சனிக்கிழமைகளில், எரிந்துபோன பொருள்களின் இன்சூரன்ஸ் பட்டியல் தட்டச்சு செய்து தருகிறேன். சலிப்பான வேலை. ‘சமையல் பாத்திரங்கள், 40’ என்று மொத்தமாகப் போட்டு ஓட்டுகிறேன். கராஜ் மட்டும் பாக்கி. இந்த ஊரை நாவலாக எழுத ஆசை. கிறிஸ்துமஸ் மர வீதியின் தேவதாரு மரங்கள் தப்பி நிற்பதைக் குறியீடாக வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்,

மரங்களை விட்டுவிடுங்கள். 1885இல் நட்ட இமயமலை மரங்கள், தப்பித்தது சந்தோஷம். மீட்சி, நம்பிக்கை என்று அதை வைத்து ஆரம்பித்தால் நாவல் பத்துப் பக்கம் தாண்டாது. நாக்கு கூசுவதையும் விடுங்கள். கேட்கிறவருக்குத் தன் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ‘இருக்கு, உங்களுக்கு?’ என்று கேட்டு, ட்ராலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்று கேளுங்கள்.

ஆனால் அந்த ‘சமையல் பாத்திரங்கள், 40’ இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக இந்த மாதிரிப் பட்டியல்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காசுக் கணக்கு. அங்கே பெரும்பாலான பாலிசிகளில் தேய்மானம் கழித்த விலையைத்தான் முதலில் தருவார்கள். அதே பொருளைத் திரும்ப வாங்கிப் பில் காட்டினால்தான் மீதி வரும். பட்டியலில் வார்ப்பிரும்பு வாணலி என்று ஒரு வரி இருந்தால், இன்று கடையில் வாங்கும் வாணலியின் பில்லை அந்த வரிக்கு நேராக வைக்கலாம். நாற்பதையும் ஒரே வரியில் மூட்டை கட்டிவிட்டால் எதற்கு நேராக எதை வைப்பார் அந்த அம்மாள்? முழுப் பட்டியல் கேட்காமலே ஒரு பங்கைத் தரச் சொல்லி கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது, சரி. அதற்கு மேலே வேண்டுமென்றால் பட்டியல்தானே?

என் அத்தையின் கூரை வீடு ஒரு சித்திரையில் எரிந்தது. வி.ஏ.ஓ. வந்தார். நல்ல மனிதர்தான், மோர் கொடுத்தோம், குடித்தார். ‘கூரை வீடு 1, முழுச் சேதம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அரிசி, வேட்டி சேலை, கொஞ்சம் பணம் வந்தது. அதற்கப்புறம் பல வருஷம், யார் வீட்டுக்குப் போனாலும் அத்தை அடுப்படியில் எதையாவது பார்த்து நின்றுவிடுவாள். “இதே மாதிரி முறுக்கு உரல் என்கிட்டயும் இருந்துச்சு. பித்தளை. அச்சு அஞ்சு.” மாமா அதட்டுவார். ரேஷன் கடை வரிசையிலும் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொல்வாள். வி.ஏ.ஓ.வின் தாளில் முறுக்கு அச்சுக்கு இடம் கிடையாது. உங்கள் மூதாட்டியின் தாளில் எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கிறது, தட்டச்சு தெரிந்த நீங்களும் இருக்கிறீர்கள். நீங்கள் போய் நாற்பது என்று முடிக்கிறீர்கள்!

அதுவும் லேக் அவென்யூவுக்கு மேற்கே. கறுப்பினத்தவருக்கு வேறு இடங்களில் வீடு விற்க மறுத்த காலத்தில், அவர்களால் வாங்க முடிந்த சில இடங்களில் ஒன்று அது. தீப்பிடித்த அன்று இரவு கிழக்கே வெளியேறச் சொல்லிப் பல மணி நேரம் கழித்துத்தான் மேற்கே உத்தரவு போனது. இறந்த 19 பேரில் அநேகமாக எல்லோரும் அந்தப் பக்கத்தவர்கள். அரசாங்கம் ஒருமுறை விட்டுவிட்டது. நீங்களும் சுருக்காதீர்கள்.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். அறை அறையாக வேண்டாம், இழுப்பறை இழுப்பறையாகக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு என்ன சமைப்பார், எதில் சமைப்பார், அந்தப் பாத்திரம் யார் கொடுத்தது என்று கேளுங்கள். நடுவில் அழுதால் காபி போடுங்கள். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கராஜுக்கு வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் ஆகாது. ரம்பம், துளைபோடும் மெஷின், ஸ்பேனர் செட் எல்லாம் அநேகமாகக் கணவர் வாங்கி வைத்தவையாக இருக்கும், அந்த அம்மாளுக்குப் பெயர் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அலமாரி அலமாரியாக நடக்கட்டும். இது இருந்தது, இது இல்லை என்று அவரே கை காட்டுவார். விலைச்சீட்டோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எதையாவது வாங்கினால் பில்லை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.