விபத்தில் கால் முறிந்தால் எலும்பு டாக்டர் ஏன் தாமதமாக வருகிறார்?

கேள்வி: போன மாதம் ஓர் இரவு என் தம்பி பைக்கில் வரும்போது மணலில் சறுக்கி விழுந்துவிட்டான். வயது 28. இடது முழங்காலுக்குக் கீழே கால் வளைந்துபோய், ஒரு சின்னக் காயத்திலிருந்து ரத்தம் கசிந்தது. 108-ல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காலுக்கு ஒரு பாதிக் கட்டு மட்டும் போட்டுவிட்டு வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். காயத்துக்குத் தையல் போடவில்லை. எலும்பு டாக்டர் வரவே இரண்டு மணி நேரம் ஆனது. நள்ளிரவில் வலி தாங்காமல் கத்தினான்; போட்ட கட்டையே வெட்டிப் பிரித்தார்கள். மறுநாள்தான் காயத்தைச் சுத்தம் செய்து, எலும்புக்குள் கம்பி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் எங்கள் சித்தப்பா, “அன்றைக்கே புத்தூருக்கு நாட்டுக்கட்டுப் போடக் கொண்டுபோயிருந்தால் கத்தி படாமலே சேர்ந்திருக்கும், இவர்கள் ஒரு நாளை வீணடித்தார்கள்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே நடந்தது சரிதானா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே நடக்க வேண்டிய வரிசையில்தான் நடந்திருக்கிறது. அந்த வரிசையை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. குறை என்றால் அதுதான் குறை.

முதலில் ஸ்கேன். வளைந்த கால் எல்லோர் கண்ணிலும் படும், கிழிந்த மண்ணீரல் படாது. அதனால் அவசரப் பிரிவில் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள் காலைப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, கழுத்து பத்திரமா, நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா, ரத்தம் எங்கேயாவது போகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கல்லீரலைச் சுற்றி, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் ரத்தம் தேங்கியிருந்தால் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிட வேலை. உடைந்த எலும்பே நிறைய ரத்தத்தைக் குடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்தால் முக்கால் லிட்டர் வரை உள்ளேயே கசியலாம், தொடை எலும்பு என்றால் ஒன்றரை லிட்டர் வரை. இடுப்பெலும்பு வளையம் பிளந்தால் உடம்பில் இருக்கும் ரத்தம் மொத்தமும் போதாது. பெரியவர் ஒருவருக்கு மொத்தமே ஐந்து லிட்டர்தான். இளைஞர்களிடம் இன்னொரு சிக்கல்: கால்வாசி ரத்தம் போன பிறகும் பி.பி. நார்மலாகவே காட்டும், நாடித்துடிப்பு மட்டும் ஏறும். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று சரிவது இப்படித்தான்.

அந்த நேரத்தில் காலுக்குத் தேவை இரண்டுதான்: ரத்தம் வரும் இடத்தை அழுத்திக் கட்டுவது, வளைந்ததை ஓரளவு நேராக்கி அசையாமல் ஸ்லாப் (நீங்கள் சொன்ன அந்தப் பாதிக் கட்டு) போடுவது. இதைச் செய்ய எலும்பு டாக்டர் வந்து நிற்க வேண்டியதில்லை, அவசரப் பிரிவு டாக்டரே செய்துவிடுவார். வலிக்கும் அதுதான் பெரிய மருந்து. முறிந்த முனைகள் உரசுவது நின்றாலே பாதி வலி போய்விடும், ரத்தக் கசிவும் குறையும்.

ஸ்லாப் போடுவதற்கு முன்னாலும் பின்னாலும் யாராவது ஒருவர் தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாதத்தின் மேல்பக்கத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள தோலை லேசாகத் தொட்டு “தெரியுதா?” என்பார்கள். “விரலை மேலே தூக்குப்பா, கீழே அழுத்து” என்பார்கள். ரத்தக்குழாய், நரம்பு, தசை மூன்றும் இதில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் எக்ஸ்ரேயைவிட இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பாதம் வெளிறிச் சில்லிட்டு இருந்தால் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்காமல், வலி மருந்து கொடுத்துவிட்டு இழுத்து நேராக்குவார்கள். நேராக்கியும் நாடி வரவில்லை என்றால் ரத்தக்குழாய் அறுவை செய்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். ரத்தம் போகாத தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது, அது நாள் கணக்கில் காத்திருக்கும்.

அடுத்து, தையல் போடாத காயம். எலும்பு முறிந்த இடத்துக்கு மேலே தோல் கிழிந்திருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உடைந்த எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போயிருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது திறந்த முறிவு. 1976-ல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் வகுத்த தர வரிசையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். காயம் ஒரு செ.மீ.க்குள் சுத்தமாக இருந்தால் முதல் வகை, அங்கிருந்து தசை நசுங்கியது, தோல் பிய்ந்தது, ரத்தக்குழாய் அறுந்தது என்று ஏறும். வகை எதுவானாலும் முதல் வேலை ஒன்றே: முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தக்குழாய் வழியாக ஏற வேண்டும். கூடவே டெட்டனஸ் ஊசி. மண்ணைத் தட்டிவிட்டு, காயத்தை ஒரு போட்டோ எடுத்து, சலைனில் நனைத்த துணியால் மூடிவிடுவார்கள். வருகிற ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்த்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம், போட்டோ இருந்தால் அதைக் காட்டிவிடலாம். அங்கேயே தையல் போட்டு மூடினால் மண்ணும் கிருமியும் செத்த தசையும் உள்ளேயே பூட்டப்படும். அதனால் தையல் போடாமல் விட்டது சரியான முடிவு.

சரி, அப்படியானால் ஏன் அன்று இரவே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லை? ஆறு மணி நேரத்துக்குள் கழுவியே ஆக வேண்டும் என்ற விதி ரொம்ப காலம் இருந்தது. இப்போது அவ்வளவு கறாராகச் சொல்வதில்லை. சாணம், சாக்கடை, வயல் சேறு பட்ட காயம் என்றால் உடனே. நாடி இல்லை என்றாலும் உடனே. மற்றபடி ஆன்டிபயாடிக் நேரத்துக்கு ஏறியிருந்தால், தூக்கக் கலக்கத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்குச் செய்வதைவிட, அனுபவமுள்ள குழு 24 மணி நேரத்துக்குள் முழுமையாகச் செய்வதுதான் நல்லது. மிக மோசமாகச் சிதைந்த கால்களில் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் ஒரு மதிப்பெண் முறையைக் கோவை கங்கா மருத்துவமனைக் குழு 2006-ல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். 14-க்குள் இருந்தால் காப்பாற்ற முயலலாம், 17-ஐத் தொட்டால் நம்பிக்கை குறைவு. நம் ஊர்ச் சாலை விபத்துகளைப் பார்த்துப் பார்த்து உருவான முறை அது.

இப்போது அந்த நள்ளிரவு. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பதற வைத்த வரி இதுதான். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி விரிந்துகொடுக்காத ஓர் உறை. தைத்து மூடிய தலையணைக்குள் மேலும் மேலும் பஞ்சைத் திணிப்பதுபோல, முறிவுக்குப் பிறகு அந்த அறைக்குள் ரத்தமும் வீக்கமும் ஏறும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கித் தசை மூச்சுமுட்டும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். இளைஞர்கள், முழங்காலுக்குக் கீழ் முறிவு, முதல் ஒன்றிரண்டு நாள்: அது வழக்கமாக வரும் இடம் இதுதான். தோல் கிழிந்திருக்கிறதே, அழுத்தம் அந்த வழியாக வெளியே போய்விடும் என்று நினைக்கக் கூடாது, திறந்த முறிவிலும் வரும்.

இதில் ஏமாற்றுவது நாடி. பாதத்தில் நாடி நன்றாகத் துடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். நாடி மறையும்போது காலம் கடந்திருக்கும். நம்ப வேண்டியது வலியைத்தான். ஊசி போட்டும் அடங்காத, நேரம் ஆக ஆக ஏறுகிற வலி. டாக்டர் கால் விரலைப் பிடித்து மெல்ல வளைத்தாலே ஆடுசதையில் உயிர் போகும். அப்புறம் விரல் இடுக்கு மரத்துப்போகும். இப்படி இருந்தால் முதல் வைத்தியம் கட்டை, பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கு வெட்டித் திறப்பது. காலை நெஞ்சு மட்டத்தில் வைப்பது. மூன்று தலையணை அடுக்கி உயர்த்தக் கூடாது, மேலே போகப் போக அங்கு போய்ச் சேரும் ரத்தம் குறையும். கொஞ்ச நேரத்தில் வலி தணியவில்லை என்றால் தியேட்டரில் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி நான்கு அறைகளையும் திறந்துவிடுவார்கள். உங்கள் தம்பிக்கு அது தேவைப்படவில்லை. கட்டை வெட்டியவர் அந்த நேரத்தில் இன்னொரு வலி ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்றால் அவருக்குச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் புத்தூர் கட்டுக்கு வருவோம். சித்தூர் பக்கம் இருக்கும் அந்தப் புத்தூருக்கு இன்றும் கூட்டம் போகிறது, குணமாகித் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. இடம் விலகாத, தோல் கிழியாத முறிவு அசையாமல் இருந்தாலே தானாகச் சேரும், கட்டுவது யாராக இருந்தாலும். எலும்பு கட்டும் பரம்பரையை ஏளனம் செய்யவும் எனக்கு மனம் வராது. தொடை முறிவுக்கு உலகம் முழுக்க இன்றும் பயன்படும் தாமஸ் ஸ்பிளிண்ட்டை உருவாக்கிய ஹ்யூ ஓவன் தாமஸ் அப்படி ஒரு வேல்ஸ் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் திறந்த காயத்தின் மேல் இறுக்கமான கட்டு, வீங்கிக்கொண்டிருக்கும் காலின் மேல் மூங்கில் பத்தை, அதோடு பல மணி நேர வேன் பயணம் என்றால், அன்று இரவு வந்த அந்த வலி நடுவழியில் வந்திருக்கும். கட்டை வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் யாரும் வண்டியில் இருந்திருக்க மாட்டார். குழந்தைகளின் முழங்கை முறிவில் இதே இறுக்கக் கட்டு விரல்களை நிரந்தரமாக மடக்கிவிடும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-லேயே இதை எழுதிவைத்தார். ஆக, உங்கள் தம்பி விஷயத்தில் சித்தப்பா சொல்வது தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, முழுத் தப்பு.

இன்னொரு முறை யாருக்காவது இப்படி நேர்ந்தால் சில விஷயங்கள். வீங்குவதற்கு முன்பே மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துத் துண்டால் கட்டினாலே போதும். காயத்தில் மஞ்சளும் காபித்தூளும் அப்ப வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். “பயந்துபோயிருக்கான், ஒரு வாய் காபி” என்று கொடுத்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான், ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். தூக்கிக்கொண்டு வந்தவரைச் சாட்சிக்கு இழுப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் செல்லும். இன்ஷூரன்ஸ் கோருவதற்கு ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வேண்டும், இதுவரை வாங்கியிருக்காவிட்டால் வாங்கிவையுங்கள்.

தம்பிக்கு இனி எவ்வளவு எடையை அந்தக் காலில் ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்து அங்குள்ள டாக்டர்தான் சொல்ல வேண்டும், இங்கிருந்து நான் சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு சேர நான்கைந்து மாதம் ஆவது சகஜம், திறந்த முறிவு என்றால் இன்னும் இழுக்கும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மெதுவாகும், அதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய காய இடத்தில் சிவப்போ சூடோ நீர்க்கசிவோ தெரிந்தால் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம், மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போங்கள்.