ஒயர் உள்ளதா, இல்லாததா?

கேள்வி: காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். வழியெல்லாம் நாதஸ்வரக் கச்சேரி கேட்பேன். 2,000 ரூபாய்க்குள் தலையில் மாட்டும் ஹெட்போன் வாங்கலாமா, ஒயர் இல்லாத இயர்போனா?
- வாசகர், காட்பாடி

பதில்: நாதஸ்வரம் கேட்பவர் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம், ஒயர் உள்ள இயர்போனை வாங்குங்கள். ஒயர் இல்லாததில் உங்கள் பணம் பேட்டரி, புளூடூத் சிப், சார்ஜ் ஏற்றும் பெட்டி என்று பங்கு பிரிந்துபோகும். ஒலி எழுப்பும் பாகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். சி.டி.யின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். எல்லாப் புளூடூத் ஒலிக்கருவிகளிலும் உள்ள எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறையில் வழக்கமாக 328-தான். ரயில் இரைச்சலில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பேட்டரி தளர்வதுதான் தெரியும். சில ஆண்டுகளில் அது சோர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் மாற்றவும் வழியில்லை. நன்றாகப் பாடும் பொருளைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் அமர்ந்து கேட்க ஹெட்போன் அருமையானது. ஆனால் வேலூரின் மே மாத வெயிலில் காதுகளை மெத்தையால் மூடிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க முடியுமா?

இயர்போனோடு பெட்டியில் வரும் ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். காதை நன்கு அடைக்கும் முனை அமையாவிட்டால் தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. அமைந்துவிட்டால் ரயில் சத்தமும் குறையும், ஒலியைக் கூட்டவும் தேவையிராது. செல்போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.