டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தப் பார்க்கும் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, நுரையீரல் டிபி. இரண்டு மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். இருமல் நின்று எடையும் கூடிவிட்டது. இப்போது “எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு” என்று அடிக்கடி விட்டுவிடுகிறார். திட்டியும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். என்ன செய்வது?

பதில்:

முதலில் அவசரமான விஷயம். மாத்திரை வேண்டாம் என்கிற எல்லோரும் பிடிவாதத்தில் சொல்வதில்லை. அப்பாவின் கண் மஞ்சளாக இருக்கிறதா, சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரிப்பு வருகிறதா, பார்வை மங்குகிறதா, நிறங்கள் சரியாகத் தெரியவில்லையா என்று இன்றைக்கே பாருங்கள். டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மருந்துகள் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக் கூடியவை. நான்காவது மருந்தான எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தொடலாம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சம்மதிக்க வைக்கும் பேச்சே வேண்டாம். அன்றைய மாத்திரையைக் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அதெல்லாம் இல்லை என்றால் மேலே படியுங்கள். தென் மாவட்டம் ஒன்றில் டிபி நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசுவதுதான் என் வேலை. நீங்கள் எழுதியிருப்பது எங்களுக்கு மிகவும் பழகிய கட்டம். உடம்பு மோசமாக இருக்கும்போது யாரும் மாத்திரையை விடுவதில்லை. தேறி வரும்போதுதான் விடுகிறார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்பது இப்போதைய முறை. வேகமாகப் பெருகும் கிருமிகள் ஆரம்பத்திலேயே செத்துவிடும், அதனால் காய்ச்சலும் இருமலும் போய்விடும். மெதுவாக வாழ்கிற, பாதித் தூக்கத்தில் கிடக்கிற கிருமிகளை ஒழிக்கத்தான் மிச்ச மாதங்கள். அதாவது அப்பாவின் உடம்பு அவரிடம் “சரியாயிடுச்சு” என்று சொல்வது பொய் இல்லை. அவர் உணர்வது உண்மைதான். நீங்கள் “இன்னும் சரியாகலை” என்று வாதாடும்போது, அவர் தன் உடம்பை நம்புவதா உங்களை நம்புவதா என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். யாராக இருந்தாலும் உடம்பைத்தான் நம்புவார்கள்.

அவர் இடத்தில் நின்று கொஞ்சம் பாருங்கள். மாத்திரையால் வரும் தொல்லை இன்றைக்கே இருக்கிறது. எடைக்குத் தகுந்தபடி மூன்று, நான்கு மாத்திரையை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். வாய் கசக்கிறது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. இதை ரத்தம் என்று நினைத்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. நன்மையோ கண்ணுக்குத் தெரியாது. ஆறாம் மாதம் நோய் திரும்பி வராமல் இருப்பதை யாரால் பார்க்க முடியும்? இந்த நிலையில் நாள் தவறாமல் ஒருவர் மாத்திரை போடுகிறார் என்றால் அதுதான் ஆச்சரியம். உலக சுகாதார நிறுவனம் 2003ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்றது. உங்கள் அப்பா விசித்திரமான மனிதர் இல்லை.

இந்தச் சிக்கல் உலகத்துக்கு முதலில் தெளிவாகத் தெரிந்த இடங்களில் ஒன்று நம் சென்னை. அதற்கு முன்பு டிபி என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரியான இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்ற நிலை. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சானடோரியத்திலும் இன்னொன்றுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி. ஆனாலும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959ல் வந்த அந்த முடிவு உலகம் முழுவதும் டிபி வைத்தியத்தை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: வீட்டில் மருந்து உண்மையில் உள்ளே போகிறதா? அந்த மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விட்டுப்போவது எவ்வளவு சகஜம் என்பது அப்போதே தெரிந்தது. அதிலிருந்து, வாரம் இரண்டு முறை நோயாளியை வரவைத்துக் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் அதே மையம் 1960களில் சோதித்தது. பின்னாளில் டாட்ஸ் என்று நாடு முழுக்கப் போனதற்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

கண்காணிப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. பக்கத்தில் ஒருவர் இருப்பது பலருக்கும் பலமாக இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்ற எண்ணம் சரிவரவில்லை. 1990களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எதிரில் நின்று விழுங்க வைக்கப்பட்டவர்கள் தாங்களாகவே வீட்டில் போட்டவர்களைவிடத் தெளிவாக மேலாக வரவில்லை. மாத்திரையைப் பிரித்ததும் அட்டைக்குப் பின்னால் தெரியவரும் எண்ணுக்கு, போட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமாக மிஸ்டு கால் கொடுக்கும் முறையும் நம்மிடம் வந்தது. போன் வந்தது என்பது வேறு, மாத்திரை வயிற்றுக்குள் போனது என்பது வேறு. போன் அடித்துவிட்டு மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைப்பவரை எந்த எந்திரம் கண்டுபிடிக்கும்? அந்த மனிதருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. மாத்திரை போடுவதற்கான காரணத்தை அப்பாவுக்கு நீங்கள் கொடுக்காதீர்கள். அது அவரிடமே இருக்கிறது, அவர் வாயால் வர வேண்டும். இரண்டு மாதம் தவறாமல் போட்டவர் அவர். எதற்காகவோ போட்டிருக்கிறார் இல்லையா?

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கத்திலிருந்து மீள வருபவர்களோடு வேலை செய்தவர். 1980களின் தொடக்கத்தில் நார்வேயில் இளம் உளவியலாளர்களிடம் தான் பேசும் விதத்தை விளக்கப்போய், அதிலிருந்து ஒரு முறையை வகுத்து 1983ல் எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து அதை விரிவாக்கினார். எங்கள் பயிற்சி வகுப்புகளில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று அதே பெயரில்தான் சொல்வார்கள். அதன் உள்ளே இருக்கும் விஷயம் எளிது. தயக்கத்தில் இருப்பவர் மனதுக்குள் “போடலாம்”, “வேண்டாம்” என்ற இரண்டு பக்கமும் இருக்கும். நாம் “போடு” என்ற பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் அவருக்கு மிச்சம் இருப்பது “வேண்டாம்” என்ற பக்கம் மட்டும்தான். அதையே அவர் திரும்பத் திரும்பப் பேசுவார். ஒன்றைத் தன் வாயால் நாலு தடவை சொன்னால் அதில் உறுதியாகிவிடுவது மனித சுபாவம். நீங்கள் திட்டியபோதும் கெஞ்சியபோதும் இதுதான் நடந்திருக்கும்.

வீட்டில் எப்படிப் பேசுவது? மாத்திரை நேரத்தில் பேசாதீர்கள். சாயங்காலம், வேறு யாரும் இல்லாதபோது உட்காருங்கள். “அப்பா, மாத்திரை போடச் சொல்ல வரலை. இந்த மாத்திரையில உங்களுக்கு எதுப்பா ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் சிரமம். அவர் “வாயெல்லாம் கசக்குதுடா, ரெண்டு நாள் போடலைன்னா நல்லா சாப்பிட முடியுது” என்பார். உடனே “அதுக்காக நிறுத்தலாமா?” என்று பாயாமல், “போடாத அன்னிக்குத்தான் ருசியா சாப்பிடுறீங்க” என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். தன்னைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் அடுத்ததையும் சொல்வார்.

அப்புறம் ஒரு கேள்வி. “இந்தக் கோர்ஸை முழுசா முடிக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?” அவர் “நாலு” என்று வைத்துக்கொள்வோம். “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் வேண்டாம் என்பதற்கான காரணங்களை அடுக்குவார். “ஏன் ஒண்ணோ ரெண்டோ சொல்லலை?” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, “திரும்பவும் அந்த இருமல் வந்தா தாங்க முடியாது” என்றோ, “உங்கம்மாவுக்கு ஒட்டிக்கிட்டா?” என்றோ அவரே சொல்வார். அங்கேயே நில்லுங்கள். அதன் மேல் உங்கள் அறிவுரையைச் சேர்க்காதீர்கள்.

அவர் சொல்லும் காரணம் நீங்கள் நினைத்ததாக இருக்காது என்பதற்கும் தயாராக இருங்கள். எங்களிடம் வந்த நாதஸ்வரக் கலைஞர் ஒருவரிடம் எல்லோரும் கிருமி, தொற்று, உயிராபத்து என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போவார், மாத்திரை அப்படியே இருக்கும். எதற்காகக் குணமாக வேண்டும் என்று கேட்டபோது, “ஆவணி முகூர்த்தத்துக்குள்ள மூச்சு நிக்கணும். இப்ப பாதியில உடையுது” என்றார். அவர் கவலை முழுக்க மூச்சில் இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் எங்கள் முதல் கேள்வி, “மூச்சு எவ்வளவு தூரம் நிக்குது?” என்பதுதான். கோர்ஸை முடித்தார்.

காரணம் இருந்தால் மட்டும் போதாது, வழியும் வேண்டும். “ஒத்துழைக்காதவர்” என்று கார்டில் எழுதப்படுபவர்களில் பலருக்கு மனதில் குறையே இல்லை. வாழைத்தார் மண்டியில் லோடு இறக்கும் ஒருவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வேலை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டுத் தார் தூக்கினால் குமட்டும். அதனால் லோடு வரும் நாளெல்லாம் மாத்திரை கிடையாது. டாக்டரிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு கொஞ்சம் சாப்பாட்டோடு போடும்படி மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண், மாமியார் வீட்டில் அட்டையைப் பிரிக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று பயந்து விட்டுவிட்டாள். அவளுக்கு மாத்திரை வைக்க வேறு இடம்தான் தேவைப்பட்டது. உங்கள் அப்பா வெளியூர் போகிறாரா, மாத்திரை நேரத்தில் யார் கூட இருக்கிறார்கள், குடிக்கும் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் அதட்டாமல் கேளுங்கள். குடிக்கிற நாளில் மாத்திரை போடக் கூடாது என்று தானே முடிவு செய்து விட்டுவிடுபவர்கள் நிறைய. குடியும் இந்த மருந்துகளும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கெடுதல் என்பது உண்மைதான், அதனாலேயே இது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரும் உதவித்தொகை அப்பாவுக்கு வருகிறதா என்றும் பாருங்கள். டிபி நோயாளிகளுக்கான மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். காசுக்காக யாரும் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவதில்லை. ஆனால் முட்டை, பால், பஸ் செலவு என்று அந்தப் பணம் தடைகளைக் குறைக்கிறது, அது பெரிய விஷயம்.

பயமுறுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபி வரலாம் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. “இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமாப்பா?” என்று அனுமதி கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அவரிடமே விடுங்கள். தினமும் அதையே சொல்லி மிரட்டினால் அவர் நோயைவிட உங்களுக்குத்தான் பயப்படுவார். போடாத நாளிலும் “போட்டுட்டேன்” என்பார். பொய் சொல்லத் தேவையில்லாத வீட்டில்தான் மாத்திரை ஒழுங்காகப் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் ஒரு வழிக்கு வந்ததும் பொதுவாக “இனிமே ஒழுங்கா போடுறேன்” என்பதோடு விடாதீர்கள். எப்போது, எதோடு சேர்த்து என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். “காலையில பல் விளக்கினதும், செய்தி கேக்கும்போது” என்பது போல. தினமும் தானாக நடக்கும் ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டிவிட்டால் ஞாபகம் வைக்க வேண்டிய சுமை குறைகிறது. இரண்டு மாதம் முடிந்ததால் பைரசினமைடு நின்றிருக்க வேண்டும். மூட்டுவலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், குமட்டலிலும் அதற்குப் பங்கு உண்டு. “கஷ்டமான பாதி முடிஞ்சிடுச்சுப்பா” என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

இந்த வாரமே விட்டுப்போன நாட்களைச் சரியாக எண்ணி, மருந்து வாங்கும் இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நாட்களை எப்படி ஈடுகட்டுவது, மறுபடி சளி எடுக்க வேண்டுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், அவரே பேசட்டும். கோர்ஸ் முடிவில் ஒரு சளி பரிசோதனை இருக்கும், அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். அந்தத் தேதிகளை இப்போதே கேட்டு, அவர் கையாலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், கட்டாயம் பதில் எழுதுகிறேன்.