பஸ்ஸில் ஒரு கிள்ளு

மதிப்பிற்குரிய அம்மா,

சொந்த ஊர் நாகர்கோவில். ஊரில் ஒன்பது வருடம் ஐசியூ நர்ஸ். இப்போது நான்கு வருடமாக இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் பேச்சுக்கு பி கிரேடு வாங்கித்தான் வந்தேன். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லும் ஹேண்ட்ஓவரை நான் சொன்னால் வார்டு மேனேஜர், "புரியவில்லை" என்று பக்கத்தில் நிற்பவளைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். அவளும் நான் சொன்னதையேதான் சொல்கிறாள். சீனியர் நர்ஸ் பதவியான பேண்ட் 6-க்கு மூன்று முறை முயன்றேன். கடைசியில் அது நான் வேலை பழக்கிவிட்ட பெண்ணுக்குப் போனது. ஒரு நோயாளி, "உன் கை என் மேல் படக் கூடாது" என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் வேறு படுக்கைக்கு மாற்றினார்கள்.

ராத்திரியெல்லாம் ஹேண்ட்ஓவரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். தூக்கமில்லை, காலையில் வயிற்றைக் கலக்குகிறது. கணவர் "கண்டுக்காதே" என்கிறார். நானும் எதையும் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. போன வாரம் பஸ்ஸில் மட்டும், ஆறு வயது மகள் "அம்மா, அந்த நாயப் பாரு" என்று சத்தமாகச் சொன்னபோது, இங்கிலீஷில் பேசு என்று தொடையில் கிள்ளிவிட்டேன். அது கிடக்கட்டும். நான் சொன்னதையே அவள் சொன்னால் மட்டும் எப்படிப் புரிகிறது? பேண்ட் 6 எனக்கு அதிகப்படி ஆசையா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

உங்கள் பேச்சு இங்கே எடுபடாது என்று அந்த மேனேஜர் உங்களுக்குக் காட்டினார். அதையே நீங்கள் மகளுக்குக் காட்டியிருக்கிறீர்கள். அவளுக்கு மேனேஜரைத் தெரியாது. தமிழில் பேசினால் அம்மா கிள்ளுவாள் என்பது மட்டும் தெரியும். கிள்ளியது தப்பு, தங்கச்சி. வாய் திறந்து சொல்லாததால் வேலையிடம் வீட்டுக்கு வராமல் போய்விடாது. கை வழியாக வந்துவிட்டது.

உங்களுக்கு நடப்பது கற்பனையில்லை. அந்த நோயாளியிடம் பேசியிருக்க வேண்டியது நிர்வாகம். மூன்று நேர்காணலிலும் நிறம்தான் காரணமா என்று நான் சொல்ல முடியாது, அதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். ஆனால் "அதிகப்படி ஆசையா" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒன்பது வருடம் ஐசியூ பார்த்தவர் இப்படிக் கேட்கிறார் என்றால், காயம் அங்கேதான் இருக்கிறது. மேனேஜரின் காதை வைத்துக்கொண்டு உங்கள் குரலை நீங்களே கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். ராத்திரி நீங்கள் சரிபார்ப்பது மருந்தின் அளவையா, உச்சரிப்பையா? வருடக்கணக்கில் இப்படி உஷாராகவே இருக்கும் உடம்பு தூங்காது, வயிறும் அடங்காது. பஸ்ஸிலும் அந்த உஷார்தான் முந்திக்கொண்டது.

நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தையோடு எழுதி வையுங்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் நிறம், தேசம், இன வழி எல்லாமே 'இனம்' என்பதற்குள் வரும். வழக்குக்குக் காலக்கெடு சில மாதங்கள்தான் என்பதால் யூனியனிடம் இந்த வாரமே பேசுங்கள். தூக்கத்துக்கு, அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் மனநல ஆலோசனைப் பிரிவான என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸில் ஜிபி, அதாவது குடும்ப டாக்டரின் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் அந்த நாய் எப்படி இருந்தது என்று தமிழில் கேளுங்கள். நீங்கள்தான் அதைப் பார்க்கவே இல்லையே.